பட்டா லொறிக்குள் படுக்கவும் வேண்டும், சாமானும் வைக்க வேண்டும்: எங்கே இடம் பிடிக்கலாம்?

காப்புக்கடை (கிளிநொச்சி)

எல்லோருக்கும் வணக்கம். நானும் மனைவியும் கோயில் திருவிழாக்களில் காப்பு, மாலை, விளையாட்டுச் சாமான் விற்கிறோம். வாகனம் பட்டா, சின்ன லொறி. பின்தட்டில் தகரப் பெட்டி அடித்து, உள்ளே நாலடி அகலத்தில் பலகைக் கட்டில் போட்டிருக்கிறேன். தட்டின் நீளம் ஏழடி, அகலம் கிட்டத்தட்ட ஐந்தடி. கட்டிலுக்குப் பக்கத்தில் மிஞ்சுவது ஓரடி. அதுதான் எங்களுக்குக் குசினி, விறாந்தை, முற்றம் எல்லாம்.

பகலில் கரைச்சல் இல்லை, சாமான் கடையில் தொங்கும். இரவு கடையைக் கட்டியதும் அவ்வளவும் கட்டிலுக்கு மேல் ஏறிவிடும். போன கிழமை வற்றாப்பளைப் பொங்கலுக்கு நின்றபோது மனைவி காப்புப் பெட்டிகளோடு பெட்டியாகப் படுத்தார். நான் முன் சீற்றில் ஸ்ரியறிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடிய விடிய முழித்திருந்தேன். கட்டிலுக்குக் கீழே ஒன்றரை அடி உயரம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு சட்டி எடுக்க வேண்டுமென்றால் அடுப்பு, தறப்பாள், தண்ணிக் கான், உடுப்புப் பை என்று அத்தனையையும் வெளியே இழுத்துப் போட வேண்டும்.

என் யோசனை இது: தலைக்கு மேலே இரண்டு பக்கமும் நீளமாக அலுமாரி அடிப்பது. அப்பாவின் பழைய வீட்டுக் கதவும் நிலையும் சும்மா கிடக்கின்றன. அசல் முதிரை மரம். ஆவணி மடுத் திருவிழாவுக்கு முன் முடிக்க வேண்டும். யாராவது இப்படிச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

மாங்குளத்தான்

தம்பி, அலுமாரியை விடும். வண்டியை எப்போதாவது தராசில் ஏற்றினீரா?

காப்புக்கடை

இல்லை அண்ணை. காப்பும் பிளாஸ்ரிக் பொம்மையும்தானே, பாரம் என்ன பெரிய பாரம்?

மாங்குளத்தான்

காப்பு பாரமில்லை. நீர் போடப்போகிற முதிரைதான் பாரம். ஆறடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலத் தடிப்பில் ஒரு முதிரைப் பலகை 13 கிலோவுக்குக் கிட்ட வரும். இரண்டு பக்கமும் அலுமாரி என்றால் அப்படி ஆறு பலகையாவது வேண்டும். கிட்டத்தட்ட 80 கிலோ. அதையும் தலைக்கு மேலே கொண்டுபோய்த் தொங்கவிடப் பார்க்கிறீர். பட்டா ஒடுக்கமான வண்டி, சில்லும் சின்னது. சங்குப்பிட்டிப் பாலத்தில் பக்கக் காற்று அடிக்கிற நாளில் வெறும் பெட்டியோடு போனாலே வண்டி ஆடும். மேலே பாரம் ஏறினால் வளைவில் உமக்கு வேர்க்கும்.

உள்ளே ஒரு ஆணி அடிக்கிறதுக்கு முன்னால் ஏதாவது நெல் ஆலையிலோ கல் குவாரியிலோ வண்டித் தராசில் ஏற்றும். மடுவுக்குப் போகும்போது எப்படிப் போவீரோ அப்படியே ஏற்றும்: தண்ணீர், காஸ், சாமான், மனைவி எல்லாம் உள்ளே. முதலில் முன் சில்லு மட்டும், பிறகு முழு வண்டி. இரண்டு கணக்கையும் இங்கே போடும், பிறகு கதைப்போம்.

இன்னொன்று, ஓடும்போது பின்னால் ஒருவரும் படுக்கக் கூடாது. அந்தக் கட்டில் வண்டி நிற்கிற நேரத்துக்கு மட்டும்.

பனிக்குள்பனை (கனடா)

அண்ணை சொல்வது சரி. நான் இங்கே பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றுகிற கேம்பர் வைத்திருக்கிறேன். கோடையில் பிள்ளைகளோடு திரிவோம். இங்கே சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கும், ஆளும் சாமானும் சேர்த்து இத்தனை கிலோவுக்கு மேல் போகாதே என்று. கேம்பர் செய்கிறவர்களும் அதன் எடையின் நடு எங்கே விழுகிறது என்று பக்கத்தில் அடையாளம் போட்டுத் தருவார்கள். அந்த அடையாளம் பின் அச்சுக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் போனால் முன் சில்லு இலேசாகி ஸ்ரியறிங் காற்றில் பிடித்த மாதிரி இருக்கும்.

வாங்கிய புதிதில் நானும் எங்கே இடுக்குக் கிடைத்தாலும் தட்டு அடித்தேன். பிறகு பார்த்தால் பிறிட்ஜின் காற்றோட்டத்தையும் சேர்த்து அடைத்திருக்கிறேன். வெறுமையாகக் கிடக்கிற இடம் எல்லாம் சும்மா விட்ட இடம் இல்லை, கவனம்.

தச்சுத்தம்பி (வவுனியா)

முதிரையை ஏன் வண்டியில் வீணாக்குகிறீர்கள்? அதில் வீட்டுக்கு ஒரு சாமித்தட்டு அடியுங்கள், பேரப்பிள்ளை காலம் வரைக்கும் நிற்கும். வண்டிக்கு 6 மில்லிமீற்றர் பிளைவூட் போதும். எட்டுக்கு நாலு பலகை ஒன்று 10 கிலோவுக்குள் சுற்றும்.

கட்டிலுக்குக் கீழே மூன்று லாச்சி (இழுப்பறை) போடலாம். ஓரடி இடைவெளிப் பக்கமாக இழுக்கிற மாதிரி, இரும்புச் சனல் பூட்டி. விரும்பினால் படம் கீறி அனுப்புகிறேன்.

மாங்குளத்தான்

லாச்சி என்றதும் எனக்கு என் கருவாட்டுக் கதை ஞாபகம் வருகிறது. என் லொறியிலும் சீற்றுக்குப் பின்னால் சின்னப் படுக்கை, அதற்குக் கீழே சனல் பூட்டிய லாச்சி. முல்லைத்தீவில் மச்சானுக்கு என்று இரண்டு கிலோ கருவாடும் ஒரு போத்தல் நல்லெண்ணெயும் வாங்கி வைத்தேன். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு மதகில் தூக்கிப் போட்டது. நான் கவனிக்கவில்லை. முறிகண்டியில் தேங்காய் உடைக்க இறங்கிப் பின்னால் பார்த்தால் லாச்சி முழுதாக வெளியே. போத்தல் உடைந்து எண்ணெய் மெத்தைக்குள். மெத்தைக்கு மேலே கருவாடு. பிள்ளையாருக்கு முன்னால் அந்த மணத்தோடு நின்றேன். மெத்தையைத் தூக்கி எறிந்தும் மூன்று மாதம் மணம் போகவில்லை.

அப்புறம் தூசி. கிரவல் றோட்டில் ஓடினால் சிவப்புத் தூள் மிளகாய்த்தூள் போல உள்ளே இறங்கும். சனலில் எண்ணெய் போட்டால் அந்தத் தூள் எண்ணெயோடு சேர்ந்து பசையாகிவிடும். ஒரு வருசத்தில் இழுக்க இரண்டு பேர் வேண்டும்.

தச்சுத்தம்பி

அது கொண்டி போடாத லாச்சி அண்ணை, லாச்சியின் பிழை இல்லை. மரச் சறுக்கில் மெழுகுதிரி தேய்த்து விட்டால் தூசியும் பிடிக்காது.

ஒட்டுவேலை (புதுக்குடியிருப்பு)

தம்பி, சண்டைக்கு முன் ஒரு கணக்கு. இடைவெளி ஓரடி. இரண்டடி ஆழமான லாச்சியை ஓரடிக்குள் எப்படி முழுதாக இழுப்பது? பாதிதான் வரும், மற்றப் பாதிக்குள் கையை விட்டுத் துழாவ வேண்டும். பின்கதவுப் பக்கமாக இழுத்தால்தான் சரிவரும்.

காப்புக்கடை, கட்டில் பலகை என்ன மரம் என்று நீங்கள் சொல்லவில்லையே?

காப்புக்கடை

பாலை. ஓரங்குலப் பலகை. அதுவும் பழைய வீட்டில் இருந்ததுதான்.

ஒட்டுவேலை

நினைத்தேன். பாலை தண்ணீரில் போட்டால் தாழுகிற மரம். ஏழடிக்கு நாலடி, ஓரங்குலம் என்றால் 70 கிலோவை அடுத்து வரும். ஒரு ஆளைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துக் கொண்டுபோகிற கணக்கு. ஓரங்குலப் பொக்ஸ் பாரில் (உள்ளே வெறுமையான சதுர இரும்பு) சட்டம் ஒட்டி, மேலே 12 மில்லிமீற்றர் பிளைவூட் போட்டால் எல்லாம் சேர்த்து 40 கிலோவுக்குள் அடங்கும். பலகையில் ஒன்றரை அங்குல ஓட்டை அரையடிக்கு ஒன்று போடுங்கள். மாரியில் மெத்தைக்குக் கீழே வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்காது.

வலைக்காரி (முல்லைத்தீவு)

எல்லோரும் பலகையும் இரும்பும் கதைக்கிறீர்கள். நான் ஒன்று சொல்லட்டா? முதலில் பெட்டியை வாங்கிவிட்டுப் பிறகு கட்டிலை அடியுங்கள்.

மரக்கறி ஏற்றுகிற பிளாஸ்ரிக் கூடை இருக்கிறதே, அது கிட்டத்தட்ட இரண்டடி நீளம், ஓரடி நாலங்குல அகலம், ஓரடி உயரம். பழையது சந்தையில் மலிவாகக் கிடைக்கும். கட்டில் அகலம் நாலடி. கூடையின் குறுக்குப் பக்கத்தை வைத்துப் பார்த்தால் பின்கதவால் மூன்று வரிசை உள்ளே போகும். ஒரு வரிசையில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக மூன்று கூடை. மொத்தம் ஒன்பது. லாச்சியும் வேண்டாம், சனலும் வேண்டாம். கூடை முழுக்க ஓட்டை, காற்றுப் போகும், மண் கொட்டுண்டு விடும். கடை போடுகிற இடத்தில் கூடையோடு இறக்கி வைக்கலாம். நாங்கள் மீன் பெட்டியை வள்ளத்தில் இப்படித்தான் அடுக்குவோம்.

உள்ளே இருக்கிற கூடையை எப்படி எடுப்பது என்று கேட்பீர்கள். மூன்றையும் கயிற்றால் கொளுவி விடுங்கள். முன்னதை இழுத்தால் பின்னது கோச்சிப் பெட்டி மாதிரித் தொடர்ந்து வரும். அடிக்கடி வேண்டியது வாசலில், எப்போதாவது வேண்டியது உள்ளே.

மேலே அலுமாரிக்குப் பதிலாகப் பழைய வலையைக் கட்டுங்கள். கிழிந்த வலை கரையில் சும்மா கிடக்கிறது. தலகணி, போர்வை, உடுப்பு, பாய் எல்லாம் மேலே போகும். பாரமும் இல்லை, விழுந்தாலும் தலை உடையாது.

பனிக்குள்பனை

அக்கா, இங்கே அந்த வலையைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். நான் காசு கொடுத்து வாங்கினேன். ஊரில் இருக்கிற மாமாவிடம் சொன்னால் சிரிப்பார்.

காஸ் எங்கே வைத்திருக்கிறீர்கள், காப்புக்கடை? அதை ஒருவரும் கேட்கவில்லையே.

காப்புக்கடை

கட்டிலுக்குக் கீழேதான். பெரிய சிலிண்டர், 12.5 கிலோ. படுக்கும்போது ரெகுலேற்றரைக் கழற்றி விடுவேன்.

பனிக்குள்பனை

இன்றைக்கே வெளியே எடுங்கள். சமையல் காஸ் காற்றை விடப் பாரம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். உங்கள் கட்டிலுக்குக் கீழே அது ஒரு குளம் மாதிரி நிற்கும், யாராவது விடியப்புறம் தீக்குச்சி உரசுவார்கள். இங்கே கேம்பர்களில் காஸுக்குத் தனி அறை. அதன் கதவு வெளியே திறக்கும், உள்ளுக்கு ஒரு ஓட்டையும் இருக்காது, அடியில் காற்றுத் துளை இருக்கும். அந்த ஒன்றை மட்டும் அப்படியே பாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அடுப்பு மூட்டவும் வேண்டாம். அந்தப் புகையில் மணமே வராத நஞ்சு இருக்கிறது. நித்திரையில் ஆளை முடித்துவிடும்.

ஒட்டுவேலை

நான் செய்து தருகிறேன். ஓரடி இடைவெளியின் முன் அந்தத்தில், சாரதிப் பெட்டிக்குப் பின்னால், ஓரடிச் சதுரத்தில் தகர அறை. கதவு வண்டியின் பக்கவாட்டில் திறக்கும், தரையில் இரண்டு ஓட்டை, சைலன்சர் பக்கம் இல்லாமல் பார்த்துக்கொள்வோம். 5 கிலோச் சிலிண்டர் அளவாகப் போகும். பெரியதை வீட்டுக்கு விடுங்கள், இரண்டு பேருக்குத் திருவிழாவுக்கு எதற்கு?

காப்புக்கடை

தராசில் ஏற்றிவிட்டேன். நெல் ஆலைக்காரர் நெல் எங்கே என்று கேட்டார், காப்பு என்றேன், சிரித்துக்கொண்டே காசு வேண்டாம் என்றுவிட்டார்.

நானும் மனைவியும் ஏறி, தண்ணீர் நிரப்பி, சாமான் முழுக்க வைத்து மொத்தம் 1,460 கிலோ. முன் சில்லு மட்டும் 520. வண்டிப் புத்தகத்தில் மொத்தம் 1,550 வரைக்கும் என்று இருக்கிறது. அப்படியென்றால் எனக்கு மிச்சம் 90 கிலோ. அதில் 80 கிலோவுக்கு முதிரை அலுமாரி அடிக்கப் பார்த்திருக்கிறேன். மாங்குளத்தண்ணைக்கு ஒரு கும்பிடு.

மாங்குளத்தான்

முன் சில்லில் பாரம் குறைவு. தண்ணீர் எங்கே வைக்கிறீர்?

காப்புக்கடை

பின்கதவடியில். 20 லீற்றர்க் கான் இரண்டு. எடுக்க வசதி என்று.

மாங்குளத்தான்

40 கிலோவைக் கொண்டுபோய் வாலில் கட்டியிருக்கிறீர். முன்னுக்குக் கொண்டுபோம். வலைக்காரியின் கணக்கில் மூன்று கூடை ஆறடி. கட்டில் ஏழடி. முன் அந்தத்தில் ஓரடி மிஞ்சுகிறது. அந்த இடம் தண்ணீருக்குத்தான். தலைமாட்டில் ஓரடிப் பலகையை மட்டும் பிணைச்சல் பூட்டித் திறக்கிற மாதிரி விட்டால் மேலே தலகணிதானே, தூக்கி நிரப்பலாம். ஒரு ரியூப்பை இடைவெளிக்கு இழுத்துச் சின்னப் பைப் பூட்டினால் முகம் கழுவலாம், தேத்தண்ணிக்கும் பிடிக்கலாம்.

தச்சுத்தம்பி

பிணைச்சல் பலகை என் வேலை. லாச்சியைத்தான் எல்லோரும் தள்ளிவிட்டீர்கள், இதையாவது விடுங்கள்.

வலைக்காரி

கூடைக்கு வாசலில் ஒரு தடை போட மறக்க வேண்டாம். ஏற்றத்தில் மூன்று வரிசையும் சேர்ந்து பின்கதவை இடிக்கும். கயிறு தளர்ந்து போகும், பழைய சைக்கிள் ரியூப்பை ஓரங்குல நாடாவாக வெட்டி இரண்டு பக்கமும் கொளுவுங்கள். இழுத்துப் பிடிக்கும், ஒற்றைக் கையால் கழற்றலாம்.

சாப்பாட்டுச் சாமானைக் கூடைக்குள் திறந்து வைக்க வேண்டாம். மடுவில் குரங்கு வந்து பாணைத் தூக்கிக்கொண்டு போகும். மூடி இறுகிய பிஸ்கற் ரின்னுக்குள் போடுங்கள்.

காப்புக்கடை (இரண்டரை மாதம் கழித்து)

மடுவால் வந்து இரண்டு நாள். இப்போதுதான் எழுத நேரம் கிடைத்தது.

பாலைக் கட்டிலைக் கழற்றினோம். ஒட்டுவேலையண்ணையின் பட்டறையில் பொக்ஸ் பார்ச் சட்டம், மேலே ஓட்டை போட்ட பிளைவூட். கூடை ஒன்பதும் கட்டிலுக்குக் கீழே. கூடை ஓரடி உயரம், கட்டில் ஒன்றரை அடி என்பதால் மேலே அரையடி மிஞ்சியது. மடிக்கிற மேசை, தறப்பாள், கடைக்கு நடுகிற தடிகள் எல்லாம் கூடைகளுக்கு மேலால் நீளத்துக்குச் சறுக்கிப் போகின்றன. அது ஒருவரும் சொல்லாமல் கிடைத்த இடம்.

முதல் நாள் ஒரு பிழை விட்டேன். மூன்று கூடையையும் கயிற்றால் கொளுவினேன்தான், ஆனால் கயிறு நீளமாகப் போய்விட்டது. முதல் கூடையை இழுத்தால் இரண்டாவது அசைய ஓரடி பிந்தும், பிறகு கோணலாகத் திரும்பிச் சட்டக் காலில் மாட்டும். மழை வரப்போகிற நேரத்தில் கட்டிலுக்குக் கீழே கையை விட்டுத் தடியால் தள்ளி எடுத்தேன். கயிற்றை நாலு விரல் அளவுக்குக் குறுக்கிக் கட்டினேன், வரிசைக்கு நடுவில் ஒரு மெல்லிய சட்டமும் வைத்தோம். இப்போது நேராக வருகிறது.

தண்ணீர் தலைமாட்டில், காஸ் வெளி அறையில். மனைவி உரப்பையை வெட்டிக் கதவின் உட்பக்கத்துக்குப் பன்னிரண்டு பொக்கற் தைத்தார். சீப்பு, சவுக்காரம், மருந்து, ரோச், கத்தரிக்கோல், கணக்குக் கொப்பி எல்லாம் அதற்குள். இருட்டில் கையை விட்டாலே எது எங்கே என்று தெரிகிறது.

காப்புக்கு இடம் பிடித்ததும் அவர்தான். அரை அங்குலப் பிவிசிக் குழாயை ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக வெட்டி, காப்பை அளவு வாரியாகக் கோத்து, இரண்டு அந்தத்திலும் துணி சுற்றிக் கட்டினார். பெட்டியின் கூரையடியில் கொளுக்கி. இரவு பதினெட்டுக் குழாய் தலைக்கு மேலே குறுக்காகக் கிடக்கும். விடிய அப்படியே கழற்றிக் கடையில் கொளுவினால் கடை திறந்த மாதிரி. முன்பு கோத்து அடுக்க ஒரு மணித்தியாலம் போகும். கண்ணாடிக் காப்பு மட்டும் ஓட்டத்தில் கிலுங்குகிறது, அதற்கு இடையிடையே பழைய சேலைத் துண்டு.

திரும்பத் தராசில் ஏற்றினேன். மொத்தம் 1,430. முன் சில்லு 580. மன்னார் றோட்டில் ஸ்ரியறிங் முன்பு போல மிதக்கவில்லை.

மடுவில் நாலு இரவும் இரண்டு பேரும் கால் நீட்டிப் படுத்தோம். முதிரைக் கதவு இன்னும் வீட்டில் சாத்தியபடிதான் நிற்கிறது. தச்சுத்தம்பி, சாமித்தட்டுக்கு எப்போது வருகிறீர்கள்?

தச்சுத்தம்பி

வருகிற ஞாயிறு வருகிறேன் அண்ணை. கதவை வெட்டுவதற்கு முன் ஒருமுறை பார்க்க வேண்டும், பழைய வேலைப்பாடு இருந்தால் வெட்ட மனம் வராது.

ஒட்டுவேலை

சட்டத்தில் துரு பிடிக்கிறதா என்று மாரிக்கு முன் கொண்டுவந்து காட்டுங்கள். ஒட்டிய மூலைகளில் பெயின்ற் சரியாகப் பிடித்திருக்காது.

பனிக்குள்பனை

வலைக்காரி அக்கா சொன்ன சைக்கிள் ரியூப்பை நானும் வெட்டிக் கட்டினேன். போன சனிக்கிழமை காம்பில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் வந்து இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்கிறார்.

வலைக்காரி

முல்லைத்தீவில் என்று சொல்லுங்கள்.